திசையால் அமையுமோ தெற்கு?

தெற்கு என்பது திசைப்பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது ஒரு பண்பாட்டின் பெயராகவும் வழங்கி வருகின்றது. அந்நாட்டின் நகரமொன்றைத் ‘தென்னக நகரம்’ என உணரச் செய்வது எது? நிலப்படமா, பழைய போரின் நினைவா, மக்களின் வாழ்க்கை முறையா? இவ்வினாவை நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

நிலப்படம் முழு விடையாகாது. மேசன், டிக்சன் என்னும் அளவையாளர் இருவர் 1763 முதல் 1767 வரை பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு வகுத்தனர். வடக்கையும் தெற்கையும் பிரிப்பதாகப் பின்னாளில் அக்கோடே கருதப்பட்டது. ஆயினும் அதற்குத் தெற்கேயுள்ள பால்டிமோரைத் தென்னக நகரமென எண்ணத் தயங்குவோர் இன்று பலர். இன்னும் தெற்கே கிடக்கும் மயாமியோ, 1959ஆம் ஆண்டுக் கியூபப் புரட்சிக்குப்பின் வந்து குடியேறியோரால் ஸ்பானிய மொழி ஒலிக்கும் நகரமாயிற்று.

போரின் நினைவும் விடையாகாது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற மாநிலங்கள் 1861 முதல் 1865 வரை போரிட்டுத் தோற்றன. அவற்றின் தலைநகராய் விளங்கிய ரிச்மண்டில், படைத்தலைவர் லீயின் சிலை 1890இல் எழுந்தது, 2021இல் அகற்றப்பட்டது. சிலை போயிற்று, ரிச்மண்ட் தென்னக நகரமாகவே நிற்கின்றது.

எனில், அத்தன்மை எங்கே உறைகின்றது? நாவிலும் அடுக்களையிலும் உறைகின்றது என்பதே நம் கருத்து. ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கும் பன்மைக்கும் ‘யூ’ என்னும் சொல் ஒன்றே. தென்னகத்தார் பலரைச் சேர்த்து விளிக்க ‘யால்’ என்பர். மூத்தோரை ‘சார்’, ‘மேம்’ என்று பணிந்து அழைப்பதும் அவர்தம் வழக்கம். மக்காச்சோள நொய்யில் காய்ச்சும் கஞ்சியும், புத்தாண்டு நாளில் உண்ணும் தட்டைப்பயற்றுச் சோறும் அவர்களது அடையாளங்கள்.

இவற்றை ஆக்கியவர் யாவர்? சார்ல்ஸ்டன் நகரைச் சூழ்ந்த நெல்வயல்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். வெண்டைக்காயைக் குறிக்கும் ‘ஓக்ரா’ என்ற சொல்லும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. 1807இல் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட உமர் இப்னு சயீத், கற்றறிந்த முஸ்லிம். தம் வரலாற்றை 1831இல் அரபு மொழியில் எழுதினார். அக்கையெழுத்துப்படி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. விலை பேசப்பட்டவர்களுள் அறிஞரும் இருந்தனர் என்பதற்கு அது சான்று.

இப்பண்பாடு மண்ணோடு மட்டும் ஒட்டியதன்று, மனிதரோடு செல்வது. கடந்த நூற்றாண்டில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்தனர். மிசிசிப்பியின் மட்டி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ சென்றார். ‘புளூஸ்’ இசை அங்கே புதுவடிவம் பெற்றது. வடபுலத்து நகரின் ஒரு பகுதியிலும் தென்னகம் குடிகொண்டது.

விருந்தோம்பல் தங்கள் தனிச்சிறப்பு என்று தென்னகத்தார் கூறுவர். ஆனால் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கிரீன்ஸ்பரோ நகரக் கடையொன்றின் உணவு மேடையில் அமர்ந்த கறுப்பின மாணவர் நால்வருக்கு ஒரு கோப்பைக் காப்பி மறுக்கப்பட்டது. அவர்கள் வன்சொல் கூறவில்லை, எழுந்து செல்லவுமில்லை. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அம்மேடை அனைவருக்கும் திறந்தது. விருந்தோம்பல் என்னும் சொல்லுக்கு அந்நகரில் முழுப்பொருள் தந்தவர்கள் கல்லூரி மாணவர்களே என்பது நம் மாணவர்கள் நெஞ்சில் இருத்தத்தக்கது.

அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற சார்ல்ஸ்டன் துறையில், 2023ஆம் ஆண்டு ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழியை மறைத்துப் பெருமையை மட்டும் பேசும் நகரம் தன்னைப் பாதியே அறிந்ததாகும். உணவைச் சுவைப்போர் சமைத்த கையையும் நினைத்தல் வேண்டும். ஒரு நகரின் பண்பாடு எதுவென்று வினவுவோர், அதை ஆக்கியவர் யார் என்றும், அவருக்கு அங்கே இருக்கை உண்டா என்றும் வினவுதல் கடன். இது தென்னக நகரங்களுக்கு மட்டும் உரிய வினாவன்று.