மூளை குறைந்தவர் யார்?

“இவர்களுக்கு மூளை அவ்வளவுதான்!”

சில ஆண்டுகளுக்கு முன், கல்வி உதவித் தொகைக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடிய ஓர் அவையில் என் செவியில் விழுந்த சொற்கள் இவை. சொன்னவர் படித்தவர், பண்பாளர், இல்லையென்று வந்தவர்க்கு அள்ளிக் கொடுக்கும் கையுடையவர். சொல்லப்பட்டவனோ பழவேற்காடு ஏரிக்கரையின் காட்டூரிலிருந்து வந்திருந்த ஒரு மீனவர் வீட்டுப் பையன். எளிய கணக்கொன்றைப் பிழையாகப் போட்டான். கேட்ட கேள்வியையே இருமுறை திருப்பிக் கேட்டான். விண்ணப்பத்தில் ஓரிடத்தில் கையொப்பமிட மறந்திருந்தான். அவ்வளவுதான். அவன் அறையை விட்டு வெளியேறுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அந்த அவையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. பின்னர் வெளியே வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவன் முந்தைய இரவு முழுவதும் தந்தையோடு ஏரியில் வலையருகே விழித்திருந்தான் என்பதும், பேருந்துக் கட்டணத்துக்காகத் தங்கையின் காதணி அடகுக் கடைக்குப் போயிருந்தது என்பதும். அவன் பிறகு படிப்பைத் தொடரவில்லை. அன்று நான் சொல்லத் தவறிய மறுமொழியை இன்றேனும் சொல்லிவிட வேண்டுமென்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பழைய பொய்யும் புதிய சட்டையும்

ஏழையின் வறுமைக்கு அவனுடைய மண்டையையே காரணமாகக் காட்டுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் என்னும் மருத்துவர் மனித மண்டையோடுகளில் கடுகை நிரப்பி அளந்து, எந்த இனத்தாருக்கு மூளை பெரிது, எவர்க்குச் சிறிது என்று கணக்கிட்டு 1839 இல் பெருநூலொன்று வெளியிட்டார். நம் சென்னையிலும் அத்தகைய அளவுகோல் வந்திறங்கியது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். 1909 இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளையும் குலங்களையும் பற்றி நூல் வெளியிட்டார். தலையின் அளவு தெரிந்தால் மனிதனின் தரம் தெரிந்துவிடும் என்பது அக்காலத்து ஆணவம்.

அந்த அளவுகோல் இன்று அருங்காட்சியகத்துப் பொருளாகிவிட்டது. ஆனால் அதை ஏந்திய மனம் போகவில்லை. அது புதிய சட்டை அணிந்துகொண்டு நம் வீட்டுக் கூடங்களிலும் பள்ளிக்கூடக் குழுக்களிலும் வந்து அமர்ந்திருக்கிறது. “மூளை ஆராய்ச்சியே சொல்லுகிறதே!” என்று அது இப்போது பேசுகிறது. ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது என்பதை ஆர அமரப் பார்த்தல் நம் கடமையன்றோ?

கரும்புக் காடு சொன்ன பாடம்

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு வயல்களே போதும்.

கரும்பு விவசாயிக்கு ஆண்டில் ஒருமுறைதான் கையில் பெரும்பணம் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்கள் வறண்டவை. வெட்டுக்குப் பிந்தைய மாதங்கள் செழித்தவை. ஒரே மனிதன், ஒரே ஆண்டில், ஒருமுறை ஏழையாகவும் ஒருமுறை வசதியுள்ளவனாகவும் வாழ்கிறான். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் சாவோ ஆகிய நான்கு ஆய்வாளர்கள் இந்த உண்மையைப் பற்றிக்கொண்டனர். 464 விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். ‘சயின்ஸ்’ என்னும் ஏட்டில் 2013 ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவுகள் வெளிவந்தன.

சோதனைகள் இரண்டு. வடிவங்கள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். விடுபட்ட வடிவம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது பகுத்தறியும் திறனை அளப்பது. மற்றது, ‘555’ என்று எழுதிக் காட்டி, இதில் எத்தனை இலக்கங்கள் என்று கேட்பது. நாக்கு ‘ஐந்து’ என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கி ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். இது மனத்தைக் கட்டுப்படுத்தும் திறனை அளப்பது.

வெட்டுக்கு முன் அவ்விவசாயிகளில் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் அவ்வாறு வைத்திருந்தவர் 4 பேர். முன்பு ஏறத்தாழ அனைவருமே கடனில் இருந்தனர். பின்பு நூற்றுக்கு 13 பேரே. வடிவச் சோதனையில் வெட்டுக்கு முன் சராசரி 4.35 ஆக இருந்த சரியான விடைகள், பின்னர் 5.45 ஆக உயர்ந்தன. இலக்கச் சோதனையிலும் வேகம் கூடியது, பிழை குறைந்தது.

வாசக அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். மண்டை மாறவில்லை. குலம் மாறவில்லை. தாய் தந்தையர் மாறவில்லை. படிப்பும் மாறவில்லை. மாறியது மடியிலிருந்த பணம் ஒன்றுதான். பிறப்பிலேயே அமைந்த குறையாயின் ஆலையின் வெட்டு உத்தரவு வந்ததும் அது எப்படி மறையும்? எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டு வருவதில்லை. ஆலையின் முறைப்படி முன்னும் பின்னுமாக வருகிறது. ஆதலால், பருவ மாற்றத்தால் வந்த வேறுபாடு என்று தள்ளிவிடுவதும் எளிதன்று.

இதன் உட்பொருள் யாது? மனித மனத்துக்கு ஒரே வேளையில் தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் எல்லையுண்டு. திட்டமிடல், நினைவில் வைத்தல், அவசரத்தை அடக்கல் ஆகியவற்றில் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைக்குப் பெரும்பங்கு உண்டு. நாளைக்கு அரிசி எங்கே, வட்டிக்காரருக்கு என்ன விடை, மருந்துக்கு யாரிடம் கேட்பது என்னும் கேள்விகள் அங்கே ஓயாமல் குடியிருந்தால், கணக்குக்கும் கையொப்பத்துக்கும் எஞ்சும் இடம் எவ்வளவு? செல்வர் வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு ஓடுகிறான். ஏழைப் பிள்ளை தலையில் மூட்டையோடு ஓடுகிறான். பின்தங்கியவனைப் பார்த்து, ‘இவன் காலில் வலுவில்லை’ என்கிறோம்!

மறுப்புகளுக்கு விடை

“ஒரே ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. 2016 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் வறியவர்களின் சிந்தனைத் திறனில் வேறுபாடு காணவில்லை. இவ்வாய்வாளர்களில் சிலர் 2012 இல் வெளியிட்ட வேறொரு சோதனையைப் பிறர் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை. இதை மறைப்பது நேர்மையன்று. சில நாள் கைமுடையும், மாதக்கணக்கில் அழுத்தும் அடகும் கடனும் ஒன்றல்ல என்பது என் கருத்து. எனினும் இது மட்டுமே சான்றாயின் நானும் தயங்குவேன்.

வேறு சான்றுகளும் உள்ளன. ஒடிசாவில் இலைத் தட்டுத் தைக்கும் தொழிலாளர் 408 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு மட்டும் கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தனர்; தட்டொன்றுக்கு இவ்வளவு என்னும் கூலி விகிதம் மாறவில்லை. பணம் கைக்கு வந்தபின் அவர்களின் உற்பத்தி சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது; மிக வறியவர்களிடம் உயர்வு இன்னும் அதிகம்; வேலையில் கவனப் பிழைகளும் குறைந்தன. கவலை விலகியதும் கை தேர்ந்தது. பழவேற்காட்டில் பனையோலை முடையும் நம் சகோதரிகளுக்கு இதை ஆய்வு நடத்தியா விளக்க வேண்டும்?

சென்னையில் 452 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உறங்கியது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே. வெக்கை, இரைச்சல், கொசு, நெருக்கம். பிற்பகலில் சிறிது நேரம் அமைதியாகக் கண்ணயர இடம் கொடுத்தபோது கவனமும் வேலைத்திறனும் மேம்பட்டன. இரவெல்லாம் வலையருகே விழித்திருந்த பையனைக் காலையில் உட்கார வைத்து நாம் அளந்தது எதனை? அவன் அறிவையா, அவன் உறக்கத்தையா?

“ஏழைக் குழந்தைகளின் மூளையே வேறுபட்டிருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்களே?” என்பர் வேறு சிலர். ஆம், 2015 இல் 1,099 பிள்ளைகளின் மூளைப் படங்களை ஆராய்ந்து, குடும்ப வருமானத்துக்கும் மூளைப் புறணியின் பரப்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கூறினர். ஆனால் அதே ஆய்வு, மிக வறிய குடும்பங்களிடையே வருமானத்தின் சிறு வேறுபாடும் பெரிய வேறுபாட்டோடு சேர்ந்து வருவதைக் காட்டியது. அதுவும் சேர்ந்து வருவதைக் காட்டியதேயன்றி, இதனால்தான் இது என்று நிறுவவில்லை. படத்தைப் பார்த்து ‘விதி’ என்று படிப்பவர் மார்ட்டனின் கடுகுப் படியைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறார்.

“அப்படியானால் எவருக்கும் பொறுப்பே இல்லையா? எல்லாம் மூளையின் மேல் பழியா?” என்பது கடைசி மறுப்பு. பொறுப்பு உண்டு, எவருக்கு என்பதே கேள்வி. சுமையைத் தூக்குபவனுக்கு மட்டுமா? அதை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பவனுக்கு இல்லையா?

நாம் செய்யக்கூடியவை

இனி, குற்றம் சாட்டும் விரலை நம் பக்கமே திருப்புகிறேன்.

முதலாவது, உதவியின் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிகள் திறப்பதோ ஜூன் தொடக்கத்தில். ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும் காலங்களில் ஏரியை நம்பியவர் பாடும் திண்டாட்டமே. புத்தகம், சீருடை, கட்டணம் எல்லாம் கை வறண்ட வேளையில்தான் வந்து நிற்கின்றன. நாமோ உதவித் தொகையை ஆவணியிலோ ஐப்பசியிலோ விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி வழங்குகிறோம்! அதற்குள் காதணி அடகில் மூழ்கிவிடுகிறது.

ஸக்காத்தையும் ஸதக்காவையும் பெரும்பாலோர் ரமலானில் கொடுக்கிறோம். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னேறி, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது. ஏழையின் வறட்சியோ அதே மாதங்களில் நிற்கிறது. ஆண்டு நிறையுமுன்பே ஸக்காத்தை முற்படுத்திக் கொடுக்க ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் இடமிருக்கிறது. ஸதக்காவுக்கோ காலமும் இல்லை. சமய எல்லையும் இல்லை. நன்மையை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கும் நாம், பெறுபவரின் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாகாதா?

இரண்டாவது, விண்ணப்பம். எட்டுப் பக்கத் தாளும், ஐந்து சான்றிதழும், மூன்று அலைச்சலும் வசதியுள்ளவர்க்குத் தொல்லை. வறியவர்க்கோ மூளைக்கு விதிக்கும் வரி. நாம் கேட்கும் சான்றிதழ்களில் பாதி நம் ஐயத்தைத் தீர்ப்பதற்கே அன்றி அவர் தேவையை அறிவதற்கன்று. ஒரு பக்கத்தில் முடியாத விண்ணப்பம் எதற்கு?

மூன்றாவது, ஒரே நாள் தேர்வு. ஒரு காலைப்பொழுதை வைத்து ஒருவனின் வாழ்நாளை அளக்காதீர்கள். அவனுடைய ஆசிரியரைக் கேளுங்கள். இன்னொரு நாள் அழையுங்கள். பேருந்துக் கட்டணத்தை முன்னதாக அனுப்புங்கள்.

நான்காவது, நம்மில் வணிகம் செய்வோர்க்கு. முன்பணம் கொடுத்துவிட்டு, பிடிக்கும் இறாலையெல்லாம் தாம் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளும் வியாபாரி, மீனவரின் மீனை மட்டும் வாங்கவில்லை. நாளையைப் பற்றி எண்ணும் அவருடைய நிம்மதியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். அதன் பிறகு, ‘இவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது’ என்று உபதேசமும் செய்கிறார்!

நான் கேட்பது பெரிய புரட்சியன்று. ஒரு தேதியை மாற்றுங்கள். ஒரு தாளைக் குறையுங்கள். ஒரு பையனை மறுபடியும் அழையுங்கள். அடுத்த முறை ஏதேனும் ஓர் அவையில், “இவர்களுக்கு மூளை அவ்வளவுதான்” என்று எவரேனும் சொன்னால், என்னைப் போல் வாளாவிருந்துவிடாதீர்கள். “ஐயா, அவன் நேற்றிரவு உறங்கினானா? அவன் வீட்டில் எது அடகிலிருக்கிறது? இவ்விரண்டையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று சொல்லுங்கள்.

கேட்காமலே தீர்ப்பெழுதிய அன்று, அந்த அறையில் மூளை குறைந்திருந்தவர் மேசைக்கு அப்பால் நின்றவரல்லர். மேசைக்கு இப்பால் அமர்ந்திருந்த நாங்களே.