கேமராவில் தூசி: சென்னைக்கும் ஓடாதே, துணியாலும் துடைக்காதே



நம் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாளாக ஒரு வாக்குவாதம். கல்யாணம், காதுகுத்து என்று போட்டோ எடுத்துப் பிழைக்கும் நம் பையன் ஒருவன், "எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல கரும்புள்ளி விழுது சார்" என்று கேட்டான். பாதிப்பேர் "சென்சாரைத் தொட்டா கேமரா காலி, சென்னைக்குக் கொண்டு போ" என்கிறார்கள். மீதிப்பேர் "பட்ஸ் வாங்கித் துடைச்சு விடுடா" என்கிறார்கள். இரண்டு கட்சியும் தப்பு. குரூப்பில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சென்னைக் கட்சி. நீங்கள் தொடப்போவது சென்சாரையே அல்ல. அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி வடிகட்டி இருக்கிறது. தூசி உட்காருவது அதன் மேல்தான். 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் அந்த வடிகட்டியை வேகமாக அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு வந்தது. இன்று பல கேமராக்களில் அது இருக்கிறது. அதற்கும் போகாத தூசியை ரப்பர் புளோயரால் ஊதலாம் என்று பல கம்பெனிகளின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறீர்கள்? கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சென்னை 200 கி.மீ.-க்கு மேல். முகூர்த்த மாதத்தில் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன், நாலு தடவை ஊதினால் போகிற தூசிக்காக ஒரு வேலையை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டுமா? இன்னொரு மாணவனிடம் ஒரு கடைக்காரர் அவன் கண்ணெதிரிலேயே ஊதிவிட்டு 800 ரூபாய் வாங்கியிருக்கிறார். ஊதியதற்குக் கூலி வாங்கட்டும். "நீங்க தொட்டா போச்சு" என்று பயமுறுத்தி அனுப்பியிருக்கிறாரே, அதுதான் எனக்குக் கோபம். பீங்கானுக்கு மெருகு கலந்து, சூளைச் சூட்டைக் கண்ணாலேயே கணிக்கிற கைகள் இருக்கிற ஊர் இது.

இனி பட்ஸ் கட்சி. இவர்கள் அதைவிட ஆபத்து. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் என்ன அரைக்கிறார்கள்? களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். வெள்ளாற்று மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். கடினத்தன்மைக்கு மோஸ் அளவுகோல் என்று உண்டு: டால்க் 1, வைரம் 10. குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை வாக்கில். அப்படியானால் எது எதைக் கீறும்? காய்ந்த பட்ஸாலோ சட்டை நுனியாலோ தேய்த்தால் அது துடைப்பது அல்ல, உப்புத்தாள் போடுவது. தூசி போகும், கீறல் போகாது. வடிகட்டியை மாற்றும் செலவில் இன்னொரு பழைய கேமராவே வாங்கிவிடலாம்.

சரி, செய்வது எப்படி? துளையை எஃப் 16 அல்லது 22-க்குச் சிறுத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடு. துளை அகலமாக இருந்தால் பல பக்கத்து ஒளி வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். சிறுத்தால் நிழல் கூர்மையாக விழும். மண்டபத்துக்குள் தெரியாத புள்ளி வெளிப்புறப் படத்தில் தெரிவது இதனால்தான். படத்தில் மேலே இருக்கும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். எட்டாம் வகுப்பில் அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் கேமரா செய்தோமே, அதில் தென்னைமரம் தலைகீழாக நின்றதல்லவா?

பேட்டரி முழுக்க ஏற்றிக்கொள். கண்ணாடி உள்ள கேமராவென்றால் மெனுவில் சுத்தம் செய்யும் வசதியைப் போட்டுக் கண்ணாடியைத் தூக்க வேண்டும். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் அது கீழே விழுந்துவிடும். மின்விசிறியை நிறுத்து. கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடித்து, மூக்கு உள்ளே இடிக்காமல் புளோயரால் ஊது. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் கூடவே கூடாது. அதில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும். டப்பாவில் அடைத்த காற்றும் வேண்டாம், உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சிவிடும்.

பெரும்பாலான தூசி இதிலேயே போய்விடும். ஊதியும் அசையாமல் ஒட்டியிருந்தால் மட்டும் ஈரத் துடைப்பு. அதற்கென்றே விற்கும் ஸ்வாப், சென்சாரின் உயர அளவுக்கு: ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., சின்ன சென்சாருக்கு 16. அதற்குரிய திரவம் இரண்டு சொட்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு, மறுபக்கத்தால் திரும்ப ஒரே இழுப்பு, பிறகு குப்பைக்கூடை. மிச்சம் பிடித்து மறுபடி அதையே போடுகிறவன் முதலில் எடுத்த மணலாலேயே கீறுகிறான். நகப்பாலிஷ் அழிக்கும் திரவம், மூக்குக்கண்ணாடி ஸ்பிரே எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஈரத் துடைப்பு தேவைப்பட்டால் கம்பெனியிடமே போங்கள், அங்கே நான் குறுக்கே நிற்கவில்லை.

புள்ளி விழுகிறது என்று கேட்ட தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு வீட்டுக்கு வா. புளோயர் என்னிடம் இருக்கிறது, முன்னறைச் சுவரும் வெள்ளைதான். பட்ஸ் வாங்கியிருந்தால் அதைக் காதுக்கே வைத்துக்கொள்.