காவல் ஓயாத கரை

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது என்று படிக்கிறோம். அது பாதி உண்மைதான். இரவு பகலாக நீர்மட்டம் பார்ப்பவரும் மதகை இயக்குபவரும் இல்லையேல், அந்தக் கல் சுவரால் என்ன பயன்? நம் இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பும் அத்தகையதே.

1885-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் உடலில் சாயம் செலுத்தினார். மற்ற உறுப்புகள் நிறமேறின, மூளை ஏறவில்லை. 1967-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி காரணத்தைக் காட்டியது. மூளைத் தந்துகிகளின் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றிப் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பு தானாக நிலைப்பதன்று. 'விண்ட்' எனும் சைகைப் புரதம் ஓயாது வந்தபடி இருக்க வேண்டும். அண்டையிலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் அனுப்பும் 'ஹெட்ஜ்ஹாக்' சைகை, பிணைப்பை இறுக்குவதோடு அழற்சியையும் அடக்குகிறது. சைகை நின்றால் சுவர் தளரும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்திய மனிதரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் வேலூரில், 1955-இல். நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. எலிகளிடம் செய்த சோதனைகள் ஒரு வியப்பைக் காட்டின. வைரஸ் முதலில் சுவரை உடைப்பதில்லை. அது உள்ளே புகுந்தபின் மூளைச் செல்கள் எழுப்பும் அபாயச் சைகைகளே சுவரைத் தளர்த்துகின்றன. வீட்டைக் காக்க வந்தவர்களே கதவைப் பெயர்த்த கதை!

அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே என்பர் சிலர். ஆனால் வைரஸை எதிர்ப்பதும் அதே அழற்சிதான். முற்றாக அடக்கினால் எதிரிக்கு வழிவிட்டவர்களாவோம். இந்த வைரஸை அழிக்கும் தனி மருந்தும் இன்றுவரை இல்லை. எனவே சுவருக்கு அப்பால் போரிடுவதைவிட, இப்பாலேயே தடுப்பதுதான் அறிவுடைமை என்பது என் கருத்து. நோய் மிகுந்த மாவட்டங்களில் அரசு இரண்டு தவணைத் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறது.

"ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்" என்று அஞ்சும் தாய்மார்கள் நம் தெருக்களில் உண்டு. அந்த இளங்காய்ச்சல் உடலின் காவலர்கள் விழித்ததற்கு அடையாளம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்பவர் யார்? வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர்தாம் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளில் எழுதியதை அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாவிட்டால், நாம் படித்த விஞ்ஞானம் மூளைக்குள் ஏறாத சாயமே.

செல்லுக்குச் செல் சைகை தருவது போல், வீட்டுக்கு வீடு நாம் செய்தி தருவோம். கரை நிற்பது கல்லால் மட்டுமன்று, காவலால்!