சட்டத்தில் இல்லாத சொற்கள்

அமெரிக்க ராஜீய விவகாரங்களைப் பத்திரிகைகளில் படிக்கும் நேயர்களுக்கு ஒரு சங்கடம் அடிக்கடி நேருவதுண்டு. செய்தி என்னவோ தமிழில்தான் இருக்கிறது. ஆனால் நடுநடுவே, சோற்றில் கல் அகப்படுவது போல, 'பிலிபஸ்டர்', 'ஜெரிமாண்டர்' என்று சில சொற்கள் பல்லில் கடிபடுகின்றன. அகராதியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றுக்குக் கடற்கொள்ளைக்காரன் என்று பொருள் போட்டிருக்கிறது. 'காங்கிரஸ்' என்பதாவது நமக்குத் தெரிந்த சொல்லாயிற்றே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அங்கே அது கட்சியின் பெயரல்ல; செனெட், பிரதிநிதி சபை என்னும் இரண்டு சபைகளும் சேர்ந்த சட்டமன்றத்தின் பெயர்.

1787-ல் பிலடெல்பியா நகரில் கூடிய பெரியோர்கள் அந்நாட்டின் அரசியல் சட்டத்தை நான்கு தோல் ஏடுகளில் எழுதி முடித்தார்கள். பிற்பாடு 27 திருத்தங்கள் சேர்ந்தன. அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரையில் வாசித்தாலும் 'பிலிபஸ்டர்', 'ஜெரிமாண்டர்' என்ற சொற்கள் அகப்பட மாட்டா. அவ்வளவு ஏன், 'அரசியல் கட்சி' என்ற சொல்லே அதில் கிடையாது! ஒரு குடும்பத்தில் சொத்து யார் பேரில் இருக்கிறது என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதைப் பத்திரம் சொல்லுமா? அமெரிக்க அரசியலில் சாவி இருக்கும் இடத்தைக் காட்டுபவை, சட்டத்தில் இல்லாத இந்தச் சொற்களே என்பது நமது அபிப்பிராயம்.

'நொண்டி வாத்து' என்பதை முதலில் பார்த்து விடுவோம். பதவி முடியப் போகிறவர், ஆனால் அடுத்தவர் வரும் வரையில் நாற்காலியில் இருப்பவர் என்று இதற்குப் பொருள். கேலிப் பெயர்தான். ஆனால் 1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட போது, அவர் பதவியேற்க அடுத்த மார்ச் 4-ம் தேதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இருந்தவர் புக்கானன். பிரிந்து போவதற்கு மாகாணங்களுக்கு உரிமையில்லை. அவற்றைப் பலவந்தமாகத் தடுப்பதற்கு மத்திய சர்க்காருக்கு அதிகாரமும் இல்லை என்று அவர் கூறிக் கொண்டிருக்கையில், ஏழு தென் மாகாணங்கள் பிரிந்தே போய்விட்டன. வாத்து நொண்டும் காலத்தைக் குறைத்துப் பதவியேற்பை ஜனவரி 20-ம் தேதிக்கு முன் தள்ளியது, 1933-ல் வந்த இருபதாவது திருத்தம்.

இனி ஜெரிமாண்டருக்கு வருவோம். எல்பிரிட்ஜ் கெரி என்பவர் சாமான்யரல்லர். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1812-ல் அவர் மாசாசூசெட்ஸ் மாகாணத்தின் கவர்னராயிருந்தபோது, அவருடைய கட்சியார் மாகாண செனெட்டின் தொகுதிகளுக்குப் புதிய எல்லை வகுத்தார்கள். எஸெக்ஸ் ஜில்லாவில் ஒரு தொகுதி ஊர் ஊராக வளைந்து நெளிந்து சென்றது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் படத்துக்குச் சிறகும் நகமும் பல்லும் வரைந்து பார்த்தார்கள். அசல் சாலமாண்டர்! பல்லியைப் போன்ற ஒரு ஜந்து அது. கெரியையும் சாலமாண்டரையும் சேர்த்து 'கெரிமாண்டர்' என்று பெயர் சூட்டினார்கள். அவ்வருஷத் தேர்தலில் எதிர்க் கட்சிக்குத்தான் வோட்டு அதிகம். ஆனால் 40 ஸ்தானங்களில் 29 கெரியின் கட்சிக்கே கிடைத்தன. எல்லைக் கோட்டினால் மாற்ற முடியாத கவர்னர் தேர்தலில் கெரி தோற்றுப் போனார். பாவம், பின்னர் நாட்டின் உப ஜனாதிபதியாகக் கூட இருந்தார். என்றாலும் உலகத்தார் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பல்லியைத்தான். அதிலும் அவர் பெயரைச் சரியாக உச்சரிக்காமல் 'ஜெரி' ஆக்கி விட்டார்கள்.

இது சிரிக்கத்தக்க சமாசாரம் என்று எண்ணும் நேயர்கள் அலபாமா மாகாணத்தின் டஸ்கீகி நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கறுப்பு இன மக்களில் படித்தவர்கள் மிகுதி. வோட்டர் ஜாபிதாவில் அவர்கள் தொகை ஏறிக் கொண்டு வந்தது. 1957-ல் மாகாண சட்டசபை என்ன செய்தது? சதுரமாயிருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாக மாற்றியது. சுமார் 400 கறுப்பு வோட்டர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும், வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே, நகரத்துக்கு வெளியே போய்விட்டார்கள். வெள்ளை வோட்டர் ஒருவர் கூட வெளியேறவில்லை. யாருடைய வோட்டையும் பறித்ததாகச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. வெறும் கோடு! சார்ல்ஸ் கோமில்லியன் என்னும் கலாசாலைப் பேராசிரியர் வழக்குத் தொடர்ந்தார். 1960-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஏகமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் இனத்தைக் காட்டாமல் கட்சியை மட்டும் காட்டிக் கோடு போட்டால்? அதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிடுவதற்கில்லை என்று 2019-ல் அதே கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் கூறி விட்டது. 2025-ல் டெக்ஸாஸ் மாகாணம், பத்து வருஷத்துக்கொரு முறை வரும் ஜனத்தொகைக் கணக்குக்குக் கூடக் காத்திராமல் கோடுகளை மாற்றியது. பதிலுக்குக் காலிபோர்னியாவும் மாற்றியது. மை எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும் பல்லி பல்லிதான்.

பிலிபஸ்டருக்குத்தான் கடற்கொள்ளைக்காரன் என்று பொருள். செனெட்டில் ஒரு மசோதாவை வோட்டுக்கு வராமல் தடுப்பதற்காக முடிவில்லாமல் பேசிக்கொண்டே இருப்பதற்கு இந்தப் பெயர் ஏற்பட்டது. விஷயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கிடையாது. 1935-ல் ஹூயி லாங் என்பவர் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பேசினார். சிப்பி வறுவல் செய்யும் முறையும் அதில் அடக்கம். பேச்சை நிறுத்த வழியே இல்லாதிருந்த சபையில் 1917-ல்தான் ஒரு விதி வந்தது: மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் விவாதத்தை முடிக்கலாம். 1975-ல் அது நூற்றுக்கு அறுபது என்று தளர்ந்தது. இதற்கிடையில், எழுந்து நின்று பேசும் சிரமம் கூட இல்லாமல், எதிர்ப்பைத் தெரிவித்தாலே போதும் என்னும் வழக்கமும் வந்து சேர்ந்தது.

சிறுபான்மையோருக்கு இது கேடயம் என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை நாம் முற்றும் தள்ளவில்லை. ஆனால் எந்தச் சிறுபான்மைக்கு? கூட்டங் கூடிக் கறுப்பு மக்களைக் கொலை செய்யும் அக்கிரமத்தைத் தண்டிக்க ஒரு மசோதா 1922-ல் பிரதிநிதி சபையில் நிறைவேறி, செனெட்டில் பிலிபஸ்டரால் மாண்டது. அத்தகைய சட்டம் ஒன்றில் ஜனாதிபதி கையெழுத்திட்டது 2022 மார்ச்சில். சரியாக நூறு வருஷம்! 1957-ல் கறுப்பு மக்களின் வோட்டுரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்டு 24 மணி 18 நிமிஷம் பேசினார். நேரத்தைப் போக்குவதற்காக அவர் வாசித்தவற்றில் சுதந்திரப் பிரகடனமும் ஒன்று என்பதை என்னவென்று சொல்வது! ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு மசோதா நிறைவேறியது.

1964-ல் வந்த சிவில் உரிமை மசோதாவின் கதை வேறு. தென் மாகாணத்து அங்கத்தினர்கள் முறை வைத்துக் கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் பேசினார்கள். ஜூன் 9-ம் தேதி இரவு ராபர்ட் பிர்ட் எழுந்து, 14 மணி 13 நிமிஷம் பேசி, மறு நாள் காலையில்தான் உட்கார்ந்தார். அதன் பின் விவாதத்தை முடிக்கலாமா என்று ஒவ்வொருவர் பெயராக அழைக்கப்பட்டது. தேவையான வோட்டுக்கள் 67.

காலிபோர்னியா அங்கத்தினர் கிளேர் எங்கிளின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூளையில் கட்டி வந்து சிகிச்சையிலிருந்த அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், குரல் எழவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கித் தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் 'சம்மதம்' என்பதற்குச் செனெட்டில் சொல்லும் சொல்லும், கண்ணைக் குறிக்கும் சொல்லும் உச்சரிப்பில் ஒன்றே: 'ஐ'. குமாஸ்தா அதைச் சம்மத வோட்டாகப் பதிந்து கொண்டார். 71-க்கு 29 என்ற கணக்கில், சிவில் உரிமை மசோதா ஒன்றின் மீது நடந்த பிலிபஸ்டர் அன்றுதான் முதல் முறையாகத் தோல்வியுற்றது.

ஜூலை 2-ம் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டார். அந்த மாதம் 30-ம் தேதி எங்கிள் காலமானார்.