‘ராவிலே’ எனின் எப்பொழுது?

பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைத் தோட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மருந்து உண்ணும் முறை இவர்களுக்கு மலையாளத்திற் சொல்லப்படும்போது, இரு மொழிகளும் உடன்பிறந்தவையாதலின், விளங்கிவிட்டது என்றே இரு தரத்தாரும் எண்ணிக்கொள்கின்றனர். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

மலையாளத்தில் ‘ராவிலே’ என்பதற்குக் காலையில் என்பது பொருள். தமிழ்ச் செவிக்கோ அஃது இரவில் என்றே கேட்கும். முற்றிலும் அறியாத சொல்லாயின் நோயாளி மீண்டும் வினவுவார். அறிந்த சொல்லாகத் தோன்றுவதால் வாளா இருந்துவிடுகிறார்.

வேளை மாறினால் என்ன கேடு எனலாம். ஆம்லோடிபின் போன்ற குருதியழுத்த மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்டால், காலையோ இரவோ பெரிதன்று. நீரிழிவுக்குரிய கிளிமிபிரைடு அத்தகையதன்று. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. நாளின் முதற் பேருணவோடு உண்ணத்தக்கது. அதனைப் படுக்கப் போகும்போது உண்டால், உணவில்லாத நெடும்பொழுதில் குருதிச் சர்க்கரை தாழக்கூடும். விழித்திருப்பவரை நடுக்கமும் வியர்வையும் எச்சரிக்கும். உறங்குபவர் அவற்றை உணராமலே போகலாம். சிறுநீரகம் தளர்ந்த முதியோருக்கு இவ்விடர் மிகுதி. நீர்ப்போக்கு மாத்திரையாகிய பியூரோசெமைடை இரவில் உண்டவர் பன்முறை எழுந்து, இருளில் இடறி விழவும் நேரலாம்.

நோயாளிக்கு அறிவுரை கூறுதல் மருந்தாளுநரின் கடமை என 2015-ஆம் ஆண்டின் மருந்தகத் தொழில் நடைமுறை விதிகள் வகுத்துள்ளன. மருந்தால் விளையும் தவிர்க்கத்தக்க தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனமும் 2017-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. எனினும் தமிழில் துண்டுத்தாள் அச்சிட்டால் போதும் என்னும் கருத்து எமக்கு உடன்பாடன்று. எழுத்தறியா மூதாட்டிக்கு அதனால் யாது பயன்? உறையின்மேல் கதிரவனையோ பிறையையோ வரைவது மேல். அதனினும் மேலானது, “இதை எப்பொழுது உண்பீர்கள்?” என்று நோயாளியையே சொல்லச் செய்வது. “விளங்கியதா?” என்று கேட்டால் ‘ஆம்’ என்பதே எப்போதும் விடை.

கூட்ட நேரத்தில் இதற்கெல்லாம் பொழுதேது என்பர். எல்லா மருந்துக்கும் வேண்டா. சர்க்கரை மாத்திரைக்கும், நீர்ப்போக்கு மாத்திரைக்கும், வாரம் ஒருமுறையே உண்ணவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டுக்கும் கேட்டால் போதும். அரை நிமிடமே ஆகும். வீடு தோறும் செல்லும் களப்பணியாளரும் உறையைக் கையிலெடுத்து இதே வினாவைக் கேட்கலாம். எல்லைப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு வாய்ப்பு இன்னும் பெரிது: இரு மொழியும் அறிந்த மாணவர் அவர்கள் வகுப்பிலேயே உள்ளனர்; பாட்டனாரின் மருந்துறையைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு பாடவேளையிற் கற்பித்துவிடலாம்.