‘ஓகே’ சொன்ன பிறகு என்ன சொல்லப்பட்டது?

சில மாதங்களுக்கு முன் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது ஓர் ஆசிரியருக்கு அழைப்பெடுத்தேன். “அண்ணை, ரெண்டாவது பந்தியிலை இருக்கிற எண்ணிக்கை பிழை, மாத்திவிடுங்கோ” என்றேன். “ஓம், சரி” என்றார். அடுத்த நாள் கட்டுரை அதே பிழையான எண்ணிக்கையுடன் வெளிவந்தது. விசாரித்தால், ஹோர்ண் சத்தத்தில் அவருக்கு ‘ரெண்டாவது பந்தி’ மட்டும்தான் கேட்டிருக்கிறது. மிச்சத்தை ஊகித்துச் ‘சரி’ போட்டிருக்கிறார். எங்கள் தொழிலில் இது ஒரு திருத்தக் குறிப்போடு முடிந்துவிடும்.

2025 ஜனவரி 29ஆம் திகதி இரவு வொஷிங்டனின் ரொனால்ட் ரீகன் விமான நிலையத்துக்கு அருகே, பயணிகள் விமானம் ஒன்றும் இராணுவ ஹெலிகொப்டர் ஒன்றும் வானில் மோதி 67 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிட்ட ஆரம்பத் தகவல்களில் ஒரு சிறிய விடயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. மோதலுக்கு 17 செக்கன்களுக்கு முன், அந்த விமானத்துக்குப் பின்னால் கடந்து செல்லுமாறு கட்டுப்பாட்டுக் கோபுரம் ஹெலிகொப்டருக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் ‘பின்னால் கடந்து செல்’ என்ற அந்தப் பகுதி ஹெலிகொப்டரில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம். காரணம், அதே கணத்தில் அவர்களுடைய மைக் பொத்தான் 0.8 செக்கன் அழுத்தப்பட்டிருந்தது.

விமான வானொலி வோக்கிடோக்கி போன்றது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், ஆனால் அந்த நேரத்தில் எதுவும் கேட்காது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசமுடியும். இருவர் சேர்ந்து பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவருக்குக் கீச்சென்ற சத்தம்தான் வரும். பழைய வானொலிப் பெட்டியில் இரவு நேரம் மத்திய அலையில் இரண்டு நிலையங்கள் மோதும்போது வருமே, அதே சத்தம், அதே ஏ.எம். முறைதான். இன்றுவரை இதை மாற்றாமல் வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. பண்பலை முறையில் வலுவான குரல் மற்றதை முழுதாக விழுங்கிவிடும். இதில் குறைந்தது இன்னொருவரும் பேசினார் என்பதாவது தெரியவரும்.

தெரியவந்தும் பயனில்லாமல் போன நாள் 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீஃப் தீவின் லொஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி வேறு. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747, புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 இன்னும் மெதுவாக உருண்டுகொண்டிருக்கிறது. கோபுரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டுமே தெரியவில்லை.

கே.எல்.எம்.முக்கு அப்போது கிடைத்திருந்தது, வானில் ஏறிய பிறகு எந்தப் பாதையில் போகவேண்டும் என்ற அனுமதி மட்டும்தான். ஆனால் அந்த வாசகத்துக்குள் ‘டேக் ஓஃப்’ என்ற சொல்லும் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, தாங்கள் இப்போது ‘டேக் ஓஃப்’பில் இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதா, ஓடத் தயாராக நிற்கிறோம் என்பதா? கட்டுப்பாட்டாளர் இரண்டாவதாகவே எடுத்துக்கொண்டு ‘ஓகே’ என்றார். ஒரு சிறு இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே நேரம் பான் ஆம் விமானியும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறிப் பேசினார். இரண்டு குரலும் மோதின. கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாக விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும்தான். மிச்சம் கீச்சுச் சத்தத்துக்குள் போயிற்று. விமானப் பொறியியலாளர் மட்டும் சந்தேகப்பட்டு, பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். கப்டன் அழுத்தமாக மறுத்தார். 583 பேர்.

அதன்பிறகு விதிகள் மாறின. ‘டேக் ஓஃப்’ என்ற சொல்லை உண்மையில் மேலேறும் அனுமதியைக் கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்தலாம். மற்ற இடங்களிலெல்லாம் ‘டிபாச்சர்’. முக்கியமான கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். வெறும் ‘ஓகே’, ‘ரோஜர்’ போதாது. ‘ரோஜர்’ என்றால் நீ சொன்னது கேட்டது, அவ்வளவுதான். ‘வில்கோ’ என்றால் அதன்படி செய்வேன். எங்கள் ‘சரி’க்குள் இந்த இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

விபத்து நடந்தால் உடனே ஆங்கிலம் போதாது என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1996 நவம்பர் 12ஆம் திகதி டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபோது, கசக் விமானக் குழுவினரின் ஆங்கிலம் பெரிதாகப் பேசப்பட்டது. சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படி ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். ஆனால் வொஷிங்டனில் பேசியவர்கள் யாருக்கும் ஆங்கிலம் பிரச்சினை இல்லை.

யப்பானின் ஹனேடாவில் நடந்தது இன்னும் சங்கடமானது. 2024 ஜனவரி 2. முதல்நாள் நில நடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நோட்டோ பகுதிக்கு நிவாரணப் பொருட்கள் கொண்டுபோகக் கரையோரக் காவல்படையின் விமானம் தயாராகிறது. சீ5 என்ற நிறுத்தப் புள்ளிவரை வாருங்கள், நீங்கள் ‘நம்பர் வன்’ என்கிறது கோபுரம். விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார், நன்றியும் சொல்கிறார். பிறகு ஓடுபாதைக்குள்ளேயே போய் நிற்கிறார். கிட்டத்தட்ட 40 செக்கன்களில் யப்பான் எயார்லைன்ஸின் எயார்பஸ் ஏ350 அதன் மேல் வந்து இறங்கியது. அதில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். ‘நம்பர் வன்’ என்றால் புறப்படும் வரிசையில் முதலாவது. ஓடுபாதை உனக்கே என்று அது புரிந்துகொள்ளப்பட்டது.

விதி சொன்னபடி வார்த்தைகள் எல்லாம் திருப்பிச் சொல்லப்பட்டன. விளக்கம் மட்டும் மாறிவிட்டது. நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் தொடர்பாடல் மாதிரிகளை வரைந்து, பின்னூட்டம் என்று ஒரு அம்புக்குறி போட்டால் புள்ளி கிடைத்துவிடும். அந்த அம்பு போய்ச்சேரும் இடத்தில் கேட்க யாராவது இருக்கிறார்களா என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

என் பார்வையில் கோளாறு அங்கேதான் இருக்கிறது. திருப்பிச் சொல்வது விமானியின் கடமை. அதைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகு அவர் அதன்படி செய்கிறாரா என்று பார்ப்பது கட்டுப்பாட்டாளரின் கடமை. நெரிசலான நிலையத்தில் முதலில் அடிபடுவது இந்த இரண்டாவது வேலைதான். ஒருவருக்கு அனுமதி கொடுத்து முடியும் முன்னரே அடுத்தவர் அழைக்கிறார். ஹனேடாவில் ஓடுபாதைக்குள் விமானம் நிற்பதைக் காட்டும் எச்சரிக்கை திரையில் வந்திருந்தது, கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. வொஷிங்டனில் ஹெலிகொப்டர்களையும் விமானங்களையும் அன்றிரவு ஒருவரே கவனித்தார். இரண்டுக்கும் அலைவரிசை வேறு வேறு என்பதால், ஹெலிகொப்டர் சொன்ன பதில் பயணிகள் விமானத்துக்குக் கேட்கவும் இல்லை. விமானத்தைக் கண்டுவிட்டோம், பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகொப்டர் சொன்னது, அனுமதி கிடைத்தது. இருட்டில், அத்தனை விளக்குகளுக்கு நடுவே, அவர்கள் கண்டது அதே விமானத்தையா என்று நிதானமாகக் கேட்க அந்த ஒருவருக்கு எங்கே நேரம்?

ஹெலிகொப்டருக்கான பாதை தரையிறங்கும் பாதைக்கு மிக நெருக்கமாக இருந்தது போன்ற வேறு காரணங்களும் அந்த விபத்துக்கு உண்டு. வானொலியை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் விமானங்கள் கூடுகிறபோது ஓடுபாதையை நீட்டுகிறோம், முனையம் கட்டுகிறோம். அலைவரிசையில் ஒரு நிமிடத்துக்கு 60 செக்கன்தான். எழுத்தில் செய்தி அனுப்பும் முறை வந்துவிட்டது; புறப்படுமுன் பெறும் பாதை அனுமதிக்கும் நடுவானப் பயணத்துக்கும் அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் விமானி வாசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஹனேடா விபத்து நடந்து நான்காம் நாள், அந்த எச்சரிக்கைத் திரையைப் பார்ப்பதற்கென்றே கோபுரத்தில் தனியாக ஓர் ஆளை யப்பான் நியமித்தது. புதிய சொல்லகராதியோ புதிய இயந்திரமோ அல்ல. பேசவேண்டிய வேலை இல்லாத ஒரு ஆள். ஆட்குறைப்பைச் செயற்றிறன் என்று கொண்டாடும் காலத்தில், அப்படி ஒரு பதவிக்குச் சம்பளம் ஒதுக்க எத்தனை நாடுகளின் நிதியமைச்சுகள் கையெழுத்துப் போடும்?