நாடா தீர்ந்த இடம்

கடந்த இதழ் வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. இசைக்கென்று ஓர் இதழ் போடுங்கள், மேற்கத்திய பாப் இசையின் தலைசிறந்த நூறு ஆல்பங்களை வரிசைப்படுத்தி அதில் வெளியிடுங்கள் என்று. இசை இதழ் கட்டாயம் வரும். அடுத்த இதழே அதுதான். நூறு ஆல்பப் பட்டியல் மட்டும் அதில் இருக்காது. கேட்ட மூவரும் இந்த இதழைத் தொடக்கத்திலிருந்தே சந்தா கட்டித் தாங்கிவருபவர்கள். அவர்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1985இல் நான் கும்பகோணத்தில் கல்லூரி மாணவன். கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் காலி கேசட்டோடு கொடுத்தால் நாலைந்து நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது. நான் எழுதிக் கொடுத்தவை அப்போது எல்லா விடுதி அறைகளிலும் ஓடிக்கொண்டிருந்த அபா, போனி எம் குழுக்களின் பாட்டுகள்தான். வாங்கப் போன அன்று கடைக்கார அண்ணன் சொன்னார்: "தம்பி, பி சைடு கடைசியில கொஞ்சம் டேப் மிச்சம் இருந்துச்சு. வெறுமனே விட மனசு வரல. நானா ஒரு பாட்டு போட்டிருக்கேன், கேட்டுப் பாருங்க." கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களையெல்லாம் பச்சை மையில் வரிசையாக எழுதியிருந்தார். தானாகப் போட்ட பாட்டுக்குப் பெயர் எழுதவில்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

பழகிய பாட்டுகளெல்லாம் ஓடி முடிந்த பிறகு சின்தசைசர் ஒலி ஒன்று மெல்ல வந்தது. அதன்மேல் ஒரு பெண் குரல். அபாவின் அக்னெதா என்று கேட்டதுமே தெரிந்தது. ஆனால் அவர் பாடுகிற மாதிரியே இல்லை. யாரோ விசாரிக்க, பதில் சொல்கிற மாதிரி இருந்தது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியது, ரயில் ஏறியது, செய்தித்தாளின் தலையங்கத்தைப் படித்து முகம் சுளித்தது, அலுவலகம், மதியச் சாப்பாடு, மழை, ராத்திரி தொலைக்காட்சி, படுக்கை. பல்லவி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நாலரை நிமிடம் போல ஓடியதும் நாடா தீர்ந்து பொத்தான் டக்கென்று எழும்பிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

எட்டு வருடம் தெரியாமலே இருந்தது. 1993இல் சென்னையில் ஒரு நண்பரின் வீட்டில் 'மோர் அபா கோல்ட்' என்ற தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது அந்தச் சின்தசைசர் மறுபடி வந்தது. பாட்டின் பெயர் 'தி டே பிஃபோர் யூ கேம்' என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு. என் கேசட்டில் விழாத பகுதிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலும் பதில் இல்லை. வந்தவர் யார், வந்ததால் நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா, பாட்டு சொல்லவே இல்லை. வார்த்தைகள் தீர்ந்த பிறகு அபாவின் இன்னொரு பாடகியான ஃப்ரீடாவின் குரல் சொல்லில்லாமல் மேலே எழும்பிக் கரைகிறது. அவ்வளவுதான்.

இந்தப் பாட்டைத் தமிழில் நினைத்துப் பார்த்தால் அதன் நுட்பம் இன்னும் துலங்குகிறது. அன்று நடந்த எதையும் அவள் நடந்ததாக அறுதியிட்டுச் சொல்வதில்லை. கிளம்பியிருப்பேன், படித்திருப்பேன், சாப்பிட்டிருப்பேன் என்கிற தொனியிலேயே மொத்தப் பாட்டும் போகிறது. போன மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் நாமும் இப்படித்தான் சொல்வோம். நினைவில் நிற்க அந்த நாளில் ஒன்றுமே இல்லை. மறுநாள் ஒருவர் வந்ததால்தான் அந்த வெற்று நாள் ஒரு வாழ்க்கையின் கடைசி நாளாகிவிட்டது. ஒரு சிறுகதைக்குரிய விஷயத்தைப் பல்லவியில்லாத பாட்டாக்கியவர்கள், அதுவரை பல்லவிகளாலேயே உலகத்தைக் கட்டிப்போட்டிருந்த அபாவின் பியோர்ன் உல்வேயுஸும் பென்னி ஆண்டர்சனும். பியோர்ன் எழுதிய வார்த்தைகளைப் பாடிய அக்னெதா அவரை மணந்து விவாகரத்தானவர். 1982 ஆகஸ்டில், ஸ்டாக்ஹோமில், தங்கள் சொந்த போலார் ஸ்டுடியோவில் பதிந்தார்கள்.

அக்டோபரில் வெளியானது. பிரிட்டனில் ஒன்பது முறை முதலிடத்தைப் பிடித்த குழு அபா. இந்தப் பாட்டு 32ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இரண்டு வருடம் கழித்து பிளான்மாஞ் என்ற இன்னொரு குழு இதையே பாடியபோது 22 வரை போயிற்று. அந்த 1982ஆம் ஆண்டோடு அபாவின் ஓட்டமும் நின்றது.

பத்தாண்டு கழித்து 'அபா கோல்ட்' வந்தது. மொத்தம் 19 பாட்டுகள். 2021இல், பிரிட்டனின் ஆல்பப் பட்டியலில் ஆயிரம் வாரம் இருந்த முதல் ஆல்பம் என்ற பெயரை அது பெற்றது. உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அபா என்றால் இந்த ஒரே வட்டுதான். அதில் 'தி டே பிஃபோர் யூ கேம்' கிடையாது. நான் கேட்ட இரண்டாம் தொகுப்பில்தான் அதற்கு இடம் கிடைத்தது. 1981இல் வந்த 'தி விசிட்டர்ஸ்' ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். கோல்டுக்குப் போனது அவற்றில் ஒன்றே ஒன்று.

அபாவின் ஆல்பங்களில் எது முதலாவது என்று கேட்டால் நான் தயங்காமல் 'தி விசிட்டர்ஸ்' என்பேன். 1976இன் 'அரைவல்' என்று பலர் சொல்லக்கூடும்; 'டான்சிங் குவீன்' அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டின் மகிழ்ச்சி உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆல்பமாக முதல் பாட்டிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டால் 'தி விசிட்டர்ஸ்' வேறு உயரத்தில் நிற்கிறது. கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கியிருக்கும் ஒருவரிடமிருந்து அது தொடங்குகிறது. சோவியத் ஒன்றியத்தின் அரசை எதிர்த்தவர்களை மனதில் வைத்து எழுதியதாக பியோர்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பையோடு கிளம்பிப்போகும் மகளைப் பார்த்து நிற்கும் தாயின் பாட்டு. அக்னெதாவுக்கும் பியோர்னுக்கும் பிறந்த மகள் அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கிய வயதில் இருந்தாள். 'மாமா மியா' நாடகமும் 2008இல் வந்த அதன் திரைப்படமும்தான் அந்தப் பாட்டைப் பலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. கடைசிப் பாட்டை ஃப்ரீடா தனியாகப் பாடுகிறார், பின்னணியில் ஒரு கடிகாரம் டிக் டிக் என்று ஓடுகிறது. அதற்கடுத்த ஆல்பம் 2021இல்தான் வந்தது. நாற்பது வருடம் அவர்களுடைய கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அந்தக் கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2003இல் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஐந்நூறு ஆல்பங்களின் பட்டியலை வெளியிட்டபோது, அபாவின் பெயரில் அதில் இருந்தது ஒரு தொகுப்பு வட்டு மட்டுமே. முதலிடத்தில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்'. 2012இலும் அதுவே முதலிடம். 2020இல் புதிதாக வாக்கெடுத்தார்கள். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது, 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' 24க்கு இறங்கியது. 1967இல் வந்த அந்த இசைத்தட்டில் ஒரு ஸ்வரம் மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறினார்கள். மார்வின் கே மேலே வந்ததில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி. கறுப்பினக் கலைஞர்களையும் பெண்களையும் பின்வரிசையில் உட்கார வைத்திருந்த பட்டியல் அது, திருத்தம் தேவைதான். என் வருத்தம் வேறு. முதலாவது எது, இருபத்துநாலாவது எது என்று பேசி முடிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. யாரும் இசைத்தட்டை எடுத்துப் போடுவதில்லை.

அந்த 2020 பட்டியலில் ஏழாவதாக இருப்பது ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்'. 1977இல் வந்து நாலு கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். அதில் இல்லாத ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸும் கிட்டார் கலைஞர் லின்ட்சி பக்கிங்ஹாமும் காதலித்துப் பிரிந்தவர்கள். பிரிவைப் பற்றிப் பக்கிங்ஹாம் எழுதிய பாட்டு 'கோ யுவர் ஓன் வே'. அதே பிரிவைப் பற்றி நிக்ஸ் எழுதியது 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. மேரிலாந்தில் சாலையோரப் பலகையில் பார்த்த ஊர்ப்பெயர் அது. ஆல்பத்தில் பக்கிங்ஹாமின் பாட்டு இருக்கிறது, நிக்ஸின் பாட்டு இல்லை. காரணம் எளிமையானது. ஓர் எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் பாட்டை அடைத்தால் பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்துவிடும். நீளமான பாட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. அதற்குப் பதில் நிக்ஸ் எழுதிய வேறொரு குட்டிப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். இந்தச் செய்தியை ஸ்டுடியோவின் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் தன்னிடம் சொன்னதையும், தான் கத்தித் தீர்த்ததையும் நிக்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பாட்டு எங்கே போயிற்று தெரியுமா? 'கோ யுவர் ஓன் வே' தனித்தட்டின் மறுபக்கத்துக்கு. ஒரே வட்டில் இந்தப் பக்கம் அவன் வழக்கு, அந்தப் பக்கம் அவள் வழக்கு. இந்தப் பக்கத்தை வானொலிகள் இடைவிடாமல் ஒலிபரப்பின. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டவர்கள் சிலர்தான். இருபது வருடம் கழித்து, 1997இல், குழு மறுபடி கூடி 'தி டான்ஸ்' நிகழ்ச்சிக்காக மேடையேறியபோது நிக்ஸ் அந்தப் பாட்டைப் பாடினார். கடைசிப் பகுதியில் கூட்டத்தை விட்டுப் பக்கிங்ஹாம் பக்கம் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்தே பாடினார். பக்கிங்ஹாம் கிட்டாரை வாசித்துக்கொண்டே அந்தப் பார்வைக்கு எதிர்நின்றார். அந்தப் பதிவு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பாட்டு 1976இலும் இவ்வளவு நல்ல பாட்டுதான். இசைத்தட்டின் அகலம்தான் அதற்கு எதிராக இருந்தது.

மறுபக்கப் பாட்டு என்றதும் சென்னையில் பிறந்த ஒருவரும் நினைவுக்கு வருகிறார். ஆர்னல்ட் ஜார்ஜ் டோர்சி 1936இல் மதராஸில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனவர். எங்கல்பெர்ட் ஹம்பர்டிங் என்ற பெயரில் 1967இல் அவர் பாடிய 'ரிலீஸ் மீ', பீட்டில்ஸின் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டும் சேர்ந்த தட்டைப் பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நிறுத்தியது. பட்டியல் வரலாற்றில் இது அடிக்கடி சொல்லப்படும் கதை. 'ரிலீஸ் மீ'யின் மறுபக்கத்தில் 'டென் கிட்டார்ஸ்' என்ற எளிய பாட்டு இருந்தது. அதை நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் சொந்தப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். மாவோரி மக்களின் வீட்டு விசேஷங்களில் கிட்டாரோடு எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு அது. தட்டைத் திருப்பிப் போட யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

எனக்குத் திருப்பிப் போட்டவர் கும்பகோணத்துக் கடைக்கார அண்ணன். தமக்குப் பிடித்த முதல் பத்தில் அந்தப் பாட்டு வருமா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாடா மிச்சமிருந்தது, இந்தப் பையன் இதைக் கேட்கட்டும் என்று தோன்றியிருக்கிறது. கேட்டுப் பாருங்க என்றார். ஒரு சிற்றிதழ் இசையைப் பற்றிச் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் அந்த வேலைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு ஆளுக்கு ஒரு பாட்டைப் பற்றி எழுதுங்கள். உங்களுக்கு உயிரான ஒரு குழுவின், ஒரு பாடகரின், ஓர் இசையமைப்பாளரின் பாட்டு. ஆனால் பட்டியல்களும் தொகுப்புகளும் கண்டுகொள்ளாதது. எந்த நாட்டு இசையாகவும் இருக்கலாம். 'தளபதி' கேசட்டில் இருந்தும் படத்தில் இடம்பெறாமல் போன ஜேசுதாஸ், ஜானகி பாட்டைப் பற்றி ஒருவர் எழுதினால் முதல் பக்கத்தில் போடுவேன். பாட்டு எந்தப் பக்கத்தில், எத்தனையாவதாக இருந்தது, யார் வாசித்தார்கள், நீங்கள் முதலில் எங்கே கேட்டீர்கள், எந்த இடத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதையெல்லாம் எழுதுங்கள். பாட்டு வரிகளை எடுத்துப்போட வேண்டாம். கேட்காதவர் கேட்கப் புறப்படும்படி எழுதினால் போதும். வரிசை எண்ணும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். கார்த்திகை முடிவதற்குள் இதழ் முகவரிக்கு வந்து சேர வேண்டும்.